நான் திருத்தியிருக்கக் கூடாத அடுப்புக் கணக்கு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜன்னலோர நாற்காலியில் உன் அப்பா. சோபாவில் நீயும் உன் மனைவி அனுவும். கட்டில் ஓரத்தில், முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, போலாரத்திலிருந்து வந்திருந்த உன் அத்தை. வாசல் பக்கத்து ஸ்டூலில் நம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் சுப்பாராவ். பிள்ளையார் சதுர்த்திச் சந்தாவுக்கு ரசீது கொடுக்க வந்தவர், காபி வாசனைக்கு உட்கார்ந்துவிட்டார். ஆறாவது ஆள் நான், சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன். இதை இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. அன்று நான் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ அத்தனை பேரிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று இப்போது, ஒன்றரை மாதம் கழித்து யோசிக்கிறேன். மற்றவர்களிடமிருந்து எப்படியாவது வாங்கிவிடலாம். உன் அப்பாவிடமிருந்து முடியாது போலிருக்கிறது.

அன்புள்ள மகனே, இந்தக் காலத்தில் அம்மா தபாலில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேச ஆரம்பித்தால் அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அந்த போன் எங்கள் இருவருக்கும் பொது. அவர் செகந்திராபாத் பக்கத்துப் போலாரத்தில் பிறந்து தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவர். தமிழ் பேசுவாரே தவிர, அதில் ஓர் எழுத்து அவருக்குத் தெரியாது. திருவண்ணாமலையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது, ஊருக்குக் கடிதம் எழுதினால் அதைக் காட்டிப் பெருமைப்பட ஆளில்லையே என்று. இன்று அதுதான் உதவுகிறது. உனக்கு நாலாம் வகுப்பில் நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தானோ என்னவோ. நீ இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி, புரியாததை அனுவிடம் கேள். பதிலையும் தமிழிலேயே எழுது, பிழை இருந்தால் இருக்கட்டும். இதை வேறு யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. என் நிலைமையில் எங்காவது ஒருத்தி இருந்தால் அவளும் படிக்கட்டும். படிக்கக் கூடாத ஒரே ஒருவரால் படிக்க முடியாது, அது போதும்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நான் பார்த்த மாதிரி எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்தது எவ்வளவு தப்பு என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ மடிக்கணினியை டீபாய்மேல் திருப்பி வைத்து, "அப்பா, கேஸ் அடுப்பை எடுத்துடலாம். போன வருஷம் வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் ஒண்ணே போதும். ஒரு சிலிண்டர் எரிச்சா எவ்வளவு கார்பன் காத்துல போகுது பாருங்க. அதே சமையல கரண்ட்ல பண்ணா பத்துல ஒரு பங்குகூட இல்ல" என்றாய். அத்தை உடனே, "நெருப்பே இல்லாத அடுப்பா? சாமிக்கு வைக்கிற பொங்கலும் அந்தக் கண்ணாடி மேலயா? நக்கோடா, வேணாம்" என்றாள். தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்துப் பாஸ் போட்டே ரிட்டயர் ஆன அப்பா அவளை அடக்கினார். "நீ இரு லட்சுமி. நம்பர் வெச்சிருக்கான் பாரு. நம்பர் இல்லாம சர்வீஸ்ல நான் எதையும் பாஸ் பண்ணதும் இல்ல, ரிஜெக்ட் பண்ணதும் இல்ல." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் பட்டியலை வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஹவ் பேட்டா, ஆமா, சரியாத்தான் இருக்கு. இவ்வளவு வித்தியாசம்னா எடுத்துட வேண்டியதுதான்" என்றார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஒரு முகச்சுளிப்புகூட இல்லாமல் ஒத்துக்கொண்டார். அந்த வார்த்தையோடு நான் பாயசத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம்.

நான் கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தேன். "ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்டாண்டர்டு நம்பர்ம்மா, விடும்மா" என்றாய். "எந்த ஊரு ஸ்டாண்டர்டுடா? இருபது கிராம்னு போட்டிருக்கியே. நம்ம கரண்ட் கொத்தகூடம் பக்கமும் ராமகுண்டம் பக்கமும் நிலக்கரிய எரிச்சு வருது. இருபது கிராம்ல ஊதுபத்திகூட எரியாதே!" என்றேன். சுப்பாராவ் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பைக் கொடுத்தது. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். சிலிண்டர் மாட்டிய தேதி, தீர்ந்த தேதி, மாதம் பிறந்தால் மீட்டர் எண், எல்லாம் கல்யாணமான வருடத்திலிருந்து எழுதி வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, போன மார்கழியில் நீ வாங்கித் தந்த இண்டக்‌ஷனில் மட்டும் பன்னிரண்டு நாள் முழுச் சமையலும் செய்து மீட்டரைப் பார்த்து வைத்திருந்தேன். முப்பது யூனிட் கூடுதலாக ஓடியிருந்தது. நமக்கு ஒரு சிலிண்டர் நாற்பத்தெட்டு நாள் வரும். அப்படியானால் ஒரு சிலிண்டர் வேலையைக் கரண்டில் செய்ய நூற்றிருபது யூனிட். சிலிண்டரில் பதினாலு கிலோ இருநூறு கிராம் கேஸ். ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கரியமில வாயு. ஆக நாற்பத்திரண்டு கிலோ. நம் நாட்டுக் கரண்டுக்கு யூனிட் ஒன்றுக்கு எழுநூறு கிராமுக்கு மேல் என்று படித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். நூற்றிருபது யூனிட்டுக்கு எண்பத்தைந்து கிலோ தாண்டுகிறது. இரண்டு மடங்கு. கேஸைச் சுத்திகரித்து லாரியில் கொண்டுவரும் செலவையும் தோராயமாகச் சேர்த்துக் காட்டினேன். அப்போதும் கேஸ்தான் குறைவு.

அப்பா என் நோட்டையும் உன் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பேப்பரில் தானே ஒருமுறை பெருக்கினார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, "பாருடா! நான் பாஸ் பண்ணத உங்கம்மா ரிஜெக்ட் பண்ணிட்டா. சர்வீஸ் பூரா ஒருத்தனும் என்னை இப்படிப் பிடிச்சதில்ல!" என்றார். சுப்பாராவ் நோட்டுப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு, "அம்மகாரு, மா வாள்ளக்கி கூடா செப்பண்டி" என்றார், எங்க வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லுங்க என்று. மறுநாளே அதைப் பெரிதாக்கி கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நீ மட்டும், "சரிம்மா. நீ சொல்றதுதான் சரி" என்று மடிக்கணினியை மூடினாய். மூடும்போது நீ என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்தாய். தோற்றுவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. பத்தாவதோடு நின்றவள் நான். நீ ஸ்கூல் போனபிறகு உன் பழைய பாடப் புத்தகங்களைப் படித்து, பேப்பர் துண்டுகளைக் கத்தரித்து வைத்து, புரியாததை மூன்று முறை படித்து, தானாகக் கற்றுக்கொண்டவள். புனேயில் தொழிற்சாலைகளுக்கெல்லாம் இந்தக் கரிக் கணக்குப் போட்டுத் தருகிற இன்ஜினியர் மகனை, ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் மடக்கிவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது முருகனுக்கு நன்றிகூடச் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ. நீங்கள் இரண்டு நாளில் கிளம்பினீர்கள். செகந்திராபாத் ஸ்டேஷனில் அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினாய், அவர் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாய். என்னிடம் தலையை மட்டும் அசைத்தாய். கோபம் தணிந்தால் பேசுவான் என்று இருந்தேன்.

நீங்கள் போய் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு ஏழேகாலுக்குத் திரும்பினேன். முதல் மாடிப் படியிலேயே கேஸ் நாற்றம். யார் வீடோ என்று ஏறினேன். ஏற ஏறக் கூடியது. நம் வீட்டுக் கதவைத் திறந்தபோது மூச்சை அடைத்தது. அடுப்பில் பால் பாத்திரம் ஆடை கட்டாமல் பச்சையாக இருந்தது. குமிழ் முழுக்கத் திருகியிருந்தது, தீ இல்லை. ஒரு சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலை எல்லாம் திறந்தேன். அப்பா பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் லைட்டர். "என்னங்க, நாத்தம் தெரியலையா?" என்று கத்தினேன். "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். "அடுப்பு திறந்து கிடக்கு!" என்றேன். எழுந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீதான் கோயிலுக்குப் போற அவசரத்துல திறந்து வெச்சிட்டுப் போயிருப்பே. பார்த்து நடந்துக்கம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசறிந்து அதுதான் நடந்தது. அந்தக் குரலில் என்மேல் கரிசனம்கூட இருந்தது.

மறுநாள் கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் போன் வாங்கி அனுவைக் கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளைத் திட்டாதே, நான் கேட்டுத்தான் சொன்னாள். "அத்தை, நாங்க வந்த ரெண்டாம் நாள் நீங்க மார்க்கெட் போயிருந்தீங்க. மாமா டீ போடறேன்னு அடுப்பைப் பத்த வெச்சிட்டு, செருப்பைப் போட்டுட்டு வாக்கிங் கிளம்பிட்டார். பாத்திரம் கருகிப் புகை வந்த பிறகுதான் பார்த்தோம். உங்க பிள்ளைதான் அணைச்சார். நீங்க வர்றதுக்குள்ள அதைத் தேய்ச்சும் வெச்சிட்டார். மாமா திரும்பி வந்து, யாராவது டீ போட்டுத் தரீங்களான்னு கேட்டார், அத்தை" என்றாள். நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவும்போது, இதென்ன இவ்வளவு பளபளப்பு, மருமகள் கைராசி என்று நினைத்தது ஞாபகம் வந்தது. "அப்ப அந்தப் பட்டியல்?" என்று கேட்டேன். "அவர் வேலையே அதுதானே அத்தை. நிலக்கரிக் கணக்கு அவருக்குத் தெரியாதா? அருவித் தண்ணியிலேயே கரண்ட் எடுக்கிற ஒரு நாட்டோட நம்பரை வேணும்னே போட்டார். மறதின்னு சொன்னா மாமா உடைஞ்சிடுவார், நம்பர்னா மரியாதையா ஒத்துப்பார்னு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பண்ணார்." பூக்காரம்மா போனுக்காகக் காத்திருந்தாள். நான் அதை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று சாமி பார்க்காமலே வந்துவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அடுக்களையில் என் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? மூன்றாம் நாள் அந்தக் கோபமும் நிற்கவில்லை, ஏனென்றால் உனக்கு எட்டாம் வகுப்பில் நடந்தது ஞாபகம் வந்தது. குகட்பள்ளி வீட்டுவசதிக் காலனியில் அப்போது தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மே மாதம். மொட்டை மாடித் தொட்டி மொத்தமும் யார் வீட்டுக் குழாய் வழியாகவோ ஓடிவிட்டது, நாலு குடும்பமும் நம் வாசலில் நின்றது. குழாயைத் திறந்துவிட்டு மறந்தவர் அப்பா. ஆனால் நீ முன்னால் போய், "நான்தான் அங்கிள், கிரிக்கெட் ஆடிட்டு வந்து கை கழுவினேன், மூட மறந்துட்டேன்" என்றாய். ஒரு பையன் மறந்தால் நாலு திட்டோடு முடியும். நான் உள்ளேயிருந்து வந்து, "அவன் ஏன் பொய் சொல்றான்னு தெரியல. அஞ்சரையிலேருந்து ஏழு வரைக்கும் டியூஷன்ல இருந்தான். தண்ணி ஆறு மணிக்குத்தான் போயிருக்கு" என்றேன். மகன்மேல் வீண்பழி வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அப்பா எல்லாரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய மனுஷன், சின்னப் பிள்ளைகள் பார்க்க. அதன்பிறகு நீ எந்த விஷயத்தையும் முதலில் என்னிடம் சொல்லவில்லை. இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன், காலேஜ் மாறியது, வேலையை விட்டது, அனுவைப் பார்த்தது, எல்லாமே அப்பா வழியாகத்தான் எனக்கு வந்தது. அம்மா வாய் ஒரு கணக்கைத் தப்பாக விடாது என்று அந்த மே மாதமே உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீயும் அனுவும் குடும்பம் நடத்துகிறீர்கள், ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டில் யாராவது கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தப்பான கணக்கைச் சொன்னால், திருத்துவதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார். நான் எண்ணைத்தான் பார்த்தேன்.

இப்போது நான் செய்து பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன். முதலில் நேராகவே கேட்டேன். "என்னங்க, கேஸ் வேண்டாமே, பயமா இருக்கு" என்றேன். "அப்படிக்கூட ஒரு காரணம் உண்டா? நீதானே கணக்குப் போட்டுக் காட்டினே? நம்பர் மாறிச்சா?" என்றார். நம்பர் மாறவில்லை. சரி, காலைக் காபிக்கு மட்டுமாவது இண்டக்‌ஷன் என்று தனியாகக் கணக்குப் போட்டேன். அரை லிட்டர் பாலும் டிகாஷனுக்கு வெந்நீரும் காய்ச்ச, கேஸுக்கும் கரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அவர் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் விடுகிற புகைகூட இல்லை. அதைக் காட்டினேன். அவர் சிரித்தார். "கம்மின்னா கம்மிதான். ஒரு மைக்ரான் அதிகம்னு எத்தனை ரிஜெக்ட் பண்ணியிருக்கேன் தெரியுமா?" என்றார். "அது நேரம் வெச்சா தானா அணைஞ்சுடுமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. "தானா அணையற அடுப்பு எதுக்கு? எனக்கு அணைக்கத் தெரியாதா?" என்றார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

உண்மையாகவே கரண்ட் ஜெயிக்கிற கணக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். மாடியில் சூரியத் தகடு போட்டால் ஜெயிக்கும். ஆனால் மாடி ஆறு குடும்பத்துக்கும் பொது, பாதி இடம் தண்ணீர்த் தொட்டிகள். சுப்பாராவைக் கேட்டால் "சூத்தாம்" என்கிறார்; பார்க்கலாம் என்கிற அந்தச் சொல்லை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படியே போட்டாலும் காலை ஐந்தரைக்கு வெயில் ஏது? பகலில் கொடுத்துவிட்டு விடியலில் திரும்ப வாங்கலாம் என்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் திரும்பி வருவது கரி எரித்த கரண்ட்தானே என்று அப்பா முதல் நிமிடத்திலேயே கேட்பார். அவர் மறப்பது அடுப்பைத்தான். கணக்கை அவர் மறக்கவில்லை. டாக்டரிடமும் போனோம், சர்க்கரை பார்க்க என்று சொல்லிக் கூட்டிப்போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். அப்பா இரண்டு வரை நிற்காமல் சொல்லிவிட்டு, "இன்னும் வேணுமா டாக்டர்?" என்றார். டாக்டர் என்னிடம் தனியாக, மகன் வரும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து, "பார்த்தியா, ஃபுல் மார்க்" என்றார் அப்பா. ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்று நான்தான் கண்டுபிடித்தேன்.

அந்தக் காபி அவருக்கு என்ன என்று உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன மறுநாள் காலை என் கட்டிலருகே டம்ளரை வைத்து, "இனிமே காலைக் காபி என் டிபார்ட்மெண்ட்" என்றார். அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை, காய்ச்சல் நாளில்கூட. ஆபீஸ் நின்ற பிறகு அவருக்கென்று மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். இப்போதெல்லாம் நாலரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். குமிழ் திருகும் சத்தம், லைட்டர் சத்தம், தீ பற்றும் சத்தம், பிறகு குமிழ் திரும்பும் சத்தம். நாலாவது சத்தம் வரும் வரை எனக்கு மூச்சு சீராக வருவதில்லை. ஒருநாள் முடியாமல் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றேன். "என்ன, இன்ஸ்பெக்டருக்கே இன்ஸ்பெக்டரா? போய்ப் படு, வந்துட்டே இருக்கு" என்று கேலி செய்தார். வந்து படுத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவராகவே ஒரு ஏற்பாடு செய்தார். என் மறதிக்காகத்தான், அப்படித்தான் சொன்னார். பழைய காலண்டர் தாளைச் சதுரமாக வெட்டி, தொழிற்சாலையில் பாகங்களுக்குக் கட்டுவார்களே அந்தச் சீட்டு மாதிரி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் "அடுப்பு ஆஃப்" என்று எழுதி, தேதி, நேரம் போட்டு, கீழே கையெழுத்து. தினமும் காபி போட்டு முடித்ததும் ஒரு சீட்டை அடுப்புக்கு மேலே ஆணியில் குத்திவிடுவார். "இனிமே உனக்கு டவுட்டே வராது" என்றார். எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான். போன வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு ஆறு மணிக்கு உள்ளே போனேன். ஆணியில் புதுச் சீட்டு, ஐந்து ஐம்பது, ஆஃப், அவருடைய அழகான கையெழுத்து. அதற்கு நேர் கீழே, பாத்திரம் எதுவும் இல்லாமல், பெரிய பர்னர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். சீட்டை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பா பின்னாலிருந்து, "என்ன பார்க்கறே?" என்றார். "ஒண்ணுமில்ல. காபி நல்லா இருந்துது" என்றேன். நான் காபியைத் தொடவே இல்லை.

அந்தச் சீட்டு என் நோட்டுக்குள் இருக்கிறது. அன்றைக்கு வீணாக எரிந்த பத்து நிமிட கேஸை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை, எழுதாமல் விட்டிருக்கிறேன். ஒருநாள் பென்சிலும் ரப்பரும் எடுத்து உட்கார்ந்தேன். மார்கழி மீட்டர் எண்ணை மாற்றிவிட்டால் போதும், நான்தான் தப்பாக எழுதியிருந்தேன் என்று சொல்லிவிடலாம். அழித்தேன். அழித்த இடத்தில் வேறு எண் எழுதக் கை வரவில்லை, பழையதையே திரும்ப எழுதினேன். சஷ்டி விரதம் இருக்கிறவள் பொய் எழுதக் கூடாது என்பதா, இல்லை என் கணக்கு தப்பு என்று ஊர் சொல்லக் கூடாது என்கிற அகம்பாவமா என்று என்னையே கேட்கிறேன். முருகனிடமும் கேட்டாயிற்று. உன் அப்பாவைக் காப்பாற்று என்று கேட்கிறேனே தவிர, எப்படி என்று கேட்கத் தெரியவில்லை. மாற்றி எழுதினாலும் பலிக்காது. சுப்பாராவ் போனில் படம் இருக்கிறது, கீழே பலகையில் ஒட்டியிருக்கிறது, அப்பா தினமும் வாக்கிங் போகிற ஆட்களை அதன் முன்னால் நிறுத்தி விளக்குகிறார். "எம் பையன் இன்ஜினியர், அவனையே எங்க வீட்டம்மா மடக்கிட்டா" என்று அவர் சொல்வதைப் படியிறங்கும்போது கேட்டேன். அவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

இப்போது எரிவது எங்களுடைய இரண்டாவது சிலிண்டர். காலியான முதல் சிலிண்டரைக் கொடுத்துப் புதிது வாங்க நான் இன்னும் புக் செய்யவில்லை. அப்பா கேட்டபோது புக் பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். சொன்ன பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. என் கணக்குப்படி இந்தச் சிலிண்டர் இன்னும் பதினான்கு நாள் வரும். அது தீர்கிற காலை, அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தீ வரவில்லையே என்று என்னைக் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா, அதைச் சொல்ல நீ வருகிறாயா, அல்லது நான் வாயை மூடிக்கொண்டு போய் ஒரு சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டு, நாலரை மணிக்கு விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? மூன்றில் எது என்று நீ சொன்னால் அதைச் செய்கிறேன். எனக்கே தீர்மானிக்கத் தெரியவில்லை. இந்தக் கடிதம் புனே வந்து சேர நாலு நாள், உன் பதில் வர நாலு நாள். தள்ளிப்போடாதே, சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா